மாமாவை அணைத்துவிட்டார்கள்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பக்கத்து உரக்கடையிலிருந்து ஆள் ஓடி வந்தார். "மைக்செட் அண்ணாச்சி, ஒமக்கு பெங்களூர்ல இருந்து போன் வே."

டிரங்கால் என்றாலே எனக்குக் கெட்ட சேதிதான். யாருக்கு என்ன ஆச்சோ... செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். பேசியது என் அக்கா மகன் முத்துக்குமார். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினீயர்.

"மாமா, இன்னைக்கு ஆபீஸ்ல உங்களை அணைச்சுட்டாங்க."

"என்னையவா? நான் இங்கனல்லா இருக்கேன். யாரு அணைச்சா, எதுக்கு அணைச்சா?"

யூரியா மூட்டைமேல் சாய்ந்திருந்த உரக்கடை முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கட்டிப்பிடிக்கிற அணைப்பு இல்ல மாமா. சுவிட்சை அணைக்கிற அணைப்பு. வெள்ளிக்கிழமை டெமோ. அதுவரைக்கும் மாமா சத்தமே கேக்கக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நான் மாட்டேன்னு சொன்னேன். அவரே போயி அணைச்சுட்டாரு. என் வேலை என்னாகும்னு தெரியல."

அவ்வளவுதான். லைன் கட்.

உங்களுக்குத் தலையும் புரிந்திருக்காது, காலும் புரிந்திருக்காது. கவலைப்படாதீர்கள்... எனக்கே இது புரிய ஒரு கல்யாணம் தேவைப்பட்டது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். எட்டாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சங்கரன்கோவிலில் மைக்செட், சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறேன். அது பகுதிநேரத் தொழில். முழுநேரத் தொழில் — பயப்படுவது.

வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கிய பிறகு, நாம் இழுத்துப் பார்த்தது நம் வீட்டுப் பூட்டைத்தானா என்று ஒரு சந்தேகம் வரும். மைக் கட்டப் போகிற இடமெல்லாம் அப்படித்தான். அந்த ஒயர் தொங்குகிறதே, இந்தப் பந்தக்கால் ஆடுகிறதே... சொல்லிக்கொண்டே இருப்பேன். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும். என் பயங்களில் முக்கால்வாசி வெறும் பயம்தான். பாக்கி கால்வாசியை வைத்துக்கொண்டுதான் ஊரில் காலம் தள்ளுகிறேன்.

போன மாசம் அக்கா மகள் கோமதிக்குக் கல்யாணம். அண்ணன்காரன் முத்துக்குமார் ஒரு வாரம் முன்னதாகவே லீவு போட்டு வந்துவிட்டான். வந்தவன் முகத்தில் கல்யாணக் களையே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் இலையில் விரலால் கோடு போடுகிறான். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான்.

இதற்கிடையில் அக்கா ஒரு காரியம் செய்திருந்தாள். சம்பந்தி வீட்டாரிடம், "எம் மவன் பெங்களூர்ல கர்னல்ல வேலை பாக்கான்" என்று சொல்லி வைத்திருந்தாள். சம்பந்தி பனவடலிசத்திரத்துக்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். கர்னல் என்ற சொல்லைக் கேட்டால் உட்கார்ந்திருந்தாலும் முதுகு நேராகிவிடும். பத்திரிகை வைக்க வந்தவர் முத்துக்குமாரைப் பார்த்ததும் விறைப்பாக நின்றார்.

"தம்பி எந்த ரெஜிமெண்டு?"

"ரெஜிமெண்டா... நாங்க கர்னல் எழுதுதோம் சார்."

"கர்னலுக்கு எழுதிக் குடுக்கீங்களா? பெரிய பொறுப்புல்லா. ஆளு எப்படி?"

"அதை ஏன் கேக்கீங்க. நல்லாத்தான் ஓடும். திடீர்னு தொங்கிரும்."

சம்பந்தி தலையிலிருந்த தொப்பியைக் கழற்றுவதுபோல் கையைக் கொண்டுபோனார். தொப்பி இல்லை. "பாவம்" என்றார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

அவர் போன பிறகு கொல்லைப்புறத்தில் வைத்து முத்துக்குமாரைப் பிடித்தேன். என்ன கர்னல், என்ன தொங்கல், எனக்குச் சொல்லு என்றேன். சொன்னான். கம்ப்யூட்டருக்குள் எல்லா வேலைகளையும் பங்கிட்டுக் கொடுக்கிற தலைமைப் புரோகிராமுக்குத்தான் கர்னல் என்று பெயராம். ஆள் இல்லை. மீசை கிடையாது. தொங்குவது என்றால், ஓடிக்கொண்டிருந்த மிஷின் அசையாமல் நின்றுபோவதாம்.

"இப்ப புதுசா ஒரு மிஷின் செய்யுதோம் மாமா. ஒரே மிஷின், நாலு மூளை. நாலும் ஒரே நேரத்துல வேலை பாக்கும்."

"ஒரே வீட்டுல ரெண்டு மூளை இருந்தாலே சண்டை. நாலு எதுக்குப்பா?"

"வேகத்துக்கு. நீங்க சொல்லுத சண்டைதான் இப்ப பிரச்சினை. நாலு பேரு ஒரே பலகையில ஒரே நேரத்துல எழுதுனா என்ன ஆகும்? எழுத்து கொழம்பிரும். அதனால ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு பூட்டு. உள்ள போறவன் பூட்டிக்கிடணும். மத்தவன் வெளிய நிக்கணும். வேலை முடிஞ்சதும் தெறந்து விட்டுரணும்."

பூட்டு என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"தெறந்து விட மறந்துட்டா?"

"வெளிய நிக்கவன் நின்னுக்கிட்டே இருப்பான். மிஷின் தொங்கிரும்."

"பூட்டாமலே உள்ள போயிட்டா?"

"தொங்காது. தப்புத்தப்பா எழுதும். அது இன்னும் மோசம்... நீங்க இப்படித்தான் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. சின்னப் புள்ளையில இருந்து கேட்டுத்தான வளந்தேன்."

எல்லாவற்றிலும் மோசமான தப்பு வேறொன்று இருக்கிறதாம். ஒரு மூளைக்குச் சில வேலைகளில் இரண்டு பூட்டு சேர்ந்தே வேண்டியிருக்கும். ஒருவன் முதல் பூட்டை வாங்கிக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்திருக்கிறான். இன்னொருவன் இரண்டாவதை முதலில் வாங்கிக்கொண்டு முதலாவதுக்குக் காத்திருக்கிறான். அவன் விடட்டும் என்று இவன், இவன் விடட்டும் என்று அவன். இருவரும் வேலை செய்ய மாட்டார்கள். கையில் இருப்பதை விடவும் மாட்டார்கள். மிஷின் முழித்துக்கொண்டே செத்துப்போகும்.

"இது எப்ப நடக்கும்னு சொல்ல முடியாது மாமா. ரெண்டு பேரும் சரியா ஒரே நேரத்துல வந்தாத்தான் மாட்டும். ஒரு வாரம் ஓடும், ஒரு மாசம் ஓடும். பாக்க வந்தவங்க முன்னால தொங்கும்."

அதற்குத்தான் முத்துக்குமார் ஒரு வேலை செய்திருக்கிறான். தனியாக ஒரு காவல் புரோகிராம். எந்த மூளை எந்தப் பூட்டை வைத்துக்கொண்டு அடுத்து எந்தப் பூட்டை எடுக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருவன் இந்த வரிசையில் எடுத்தான், பிறகொரு நாள் இன்னொருவன் தலைகீழ் வரிசையில் எடுத்தான் என்றால் போதும்... உடனே கத்தும், அதாவது தாளில் அடித்துக் காட்டும். மாட்டிக்கொண்ட பிறகு இல்லை. மாட்டுவதற்கு முன்னாலேயே. மிஷின் பாட்டுக்கு ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்போதே.

"ஒண்ணும் நடக்காமலே கத்துமா?"

"ஆமா. அதனாலதான் அதுக்கு 'மாமா'ன்னு பேரு வச்சேன்."

பெருமைப்படுவதா, கோபப்படுவதா? முடிவு செய்வதற்குள் அடுத்த செய்தி வந்தது. ஆபீஸில் எல்லோரும் அப்படியே கூப்பிடுகிறார்களாம். காலையில் வந்ததும், "ராத்திரி மாமா கத்தினாரா?" என்றுதான் விசாரிப்பார்களாம். கன்னடக்காரர்கூட மாமா என்கிறாராம். மேனேஜருக்கு மட்டும் மாமாவைக் கண்டால் ஆகவில்லை. மாமா கத்துவதில் பாதி, ஒன்றுமில்லாததற்கு. அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். மாமா ஓடினால் மிஷின் மெதுவாகும். வாங்க வருகிறவர்கள் முன்னால் இப்படித் தாளில் தப்பு தப்பு என்று அடித்துத் தள்ளினால் யார் வாங்குவார்கள்?

"அவரு ஒரே கேள்விதான் கேப்பாரு மாமா. 'மாமா சொன்னது நடந்துச்சா?' இல்ல சார்ம்பேன். 'பின்ன?'ம்பாரு. லீவு முடிஞ்சு வந்ததும் முதல் வேலையா அதைக் கழட்டி எறின்னுட்டாரு. எனக்கு இது புரொபேஷன் காலம். நிரந்தரம் பண்ணுத தாள்ல அவருதான் கையெழுத்துப் போடணும்."

விஷயம் இதுதான். மாமா இருந்தால் வேலை போகும். மாமாவைக் கழற்றினால் வேலை இருக்கும், தப்பும் உள்ளேயே இருக்கும்.

"என்ன மாமா செய்ய?"

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? என் பெயரைத் தாங்கிய புரோகிராம். என்னைப் போலவே கத்துகிற ஜீவன். கழற்றாதே, எதிர்த்து நில் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன் என்றா?

கழட்டிருப்பா, வேலை முக்கியம் என்றேன். பயந்தவனிடம் யோசனை கேட்டால் வேறென்ன கிடைக்கும்?

இப்போது மண்டபத்துக்கு வருவோம்.

எங்கள் ஊரில் அந்த மண்டபத்தில் இரண்டு ஹால். கீழே ஒன்று, மாடியில் ஒன்று. முகூர்த்த நாளில் இரண்டு கல்யாணம் சேர்ந்து நடக்கும். சமையல்கட்டு பின்னால் பொதுவாக ஒன்று. அதையொட்டி இரண்டு அறைகள். ஒன்று பாத்திர ரூம், மற்றது விறகு ரூம். இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு, பூட்டுக்கு ஒரே ஒரு சாவி. ஆபீஸ் ரூம் ஆணியில் தொங்கும். சுவரில் பச்சைப் பெயிண்டில் சட்டம் எழுதியிருக்கும்: சாவி கைமாறக் கூடாது. இரண்டு சாவிகளையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும். — செயலாளர்.

இது போதாதென்று எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. கல்யாண வீட்டுக்காரர் கையில் வாங்கிய சாவியை, அடுப்பில் தீ ஏற்றுவதற்கு முன்னால் திருப்பித் தரக் கூடாது. தந்தால் அபசகுனம். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. மண்டபம் கட்டின நாளிலிருந்து அப்படித்தான்.

மைக் கட்டப் போகிறவனுக்கு வேலை கொஞ்சம், வேடிக்கை ரொம்ப. நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். சில சமையல்காரர்கள் வந்ததும் பாத்திரச் சாவியை எடுப்பார்கள். கழுவிக் கவிழ்த்தபிறகுதான் விறகு. வேறு சிலருக்கு முதலில் விறகு அடுக்கி அடுப்பு மூட்ட வேண்டும், அப்புறம்தான் பாத்திரம். இரண்டு கோஷ்டியும் ஒரே நேரத்தில் வந்தால்? செயலாளர் சுப்பையா அண்ணாச்சியிடம் அப்போதே சொன்னேன்.

"நடந்துச்சா வே?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி."

"பின்ன?"

நடக்காததைப் பற்றிப் பேசுகிறவன் பைத்தியக்காரன். நடந்த பிறகு பேசினால் கரிநாக்கு. இதற்கு நடுவில் வாயைத் திறக்க நேரம் எங்கே இருக்கிறது?

கோமதி கல்யாணத்துக்கு முந்தின நாள். மாடியில் வாசுதேவநல்லூர்க்காரர்கள் கல்யாணம். வழக்கமாக மாடிக் கல்யாணத்து ஆட்கள் காலையிலேயே வந்து எல்லாம் எடுத்து அடுப்பும் மூட்டிவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிடுவார்கள். கீழ்க் கல்யாணத்து ஆட்கள் மத்தியானம் வருவார்கள். அன்றைக்குக் காலை பஸ் வரவில்லை. இரண்டு சமையல் கோஷ்டியும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கின. நம் சமையல்காரர் பிச்சையா நேரே போய்ப் பாத்திரச் சாவியை எடுத்தார். கூடவே வந்த மாடிவீட்டுச் சமையல்காரர் விறகுச் சாவியை எடுத்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் எடுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பிச்சையா அண்டாவைக் கழுவி வைத்துவிட்டு விறகுச் சாவியைத் தேடினார். விறகை அடுக்கிவிட்டு மாடிச் சமையல்காரர் பாத்திரச் சாவியைத் தேடினார். சமையல்கட்டு வாசலில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, அந்தச் சாவியைத் தாரும்."

"அடுப்பே பத்த வைக்கல, எப்படித் தர? நீரு அதைத் தாரும்."

"நான் மட்டும் பத்த வச்சுட்டனாக்கும்? ஒம்ம சாவி வந்தாத்தான எனக்கு விறகு?"

"ஒம்ம சாவி வந்தாத்தானவே எனக்கு அண்டா?"

விறகை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும், சாவி இங்கேயே இருக்கட்டும் என்று நான் குறுக்கே விழுந்தேன். அதெப்படி, முதலில் அவர் பாத்திரத்தைத் தரட்டும் என்றார் மாடிக் கல்யாணத் தாய்மாமன். முதலில் விறகு என்றாள் அக்கா. எந்தக் கல்யாணத்திலும் முதலில் இறங்கி வருகிற வீடு எது என்பது சாதாரண விஷயமா? அது அடுத்த தலைமுறை வரைக்கும் பேசப்படும். இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சாயந்திரம் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். அடுப்பு ஜில்லென்று கிடக்கிறது.

முத்துக்குமார் தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரமாகக் காணாத களை முகத்தில்.

"மாமா, இதேதான். அப்படியே இதேதான்."

"எதுப்பா?"

"என் மிஷின். அண்டா ஒரு பூட்டு, விறகு ஒரு பூட்டு. ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டே செத்துட்டாங்க."

"ஏல, நல்ல காரியம் நடக்கிற எடத்துல என்ன வார்த்த பேசுத?" என்றாள் அக்கா.

மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவரப்பட்ட சுப்பையா அண்ணாச்சி, சுவரில் எழுதியிருந்ததை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பார்ட்டியும் சட்டப்படிதான் நடந்திருக்கு. யாருமேலயும் ஒரு தப்பும் இல்ல."

உண்மைதான். யார் மேலும் தப்பில்லை. அடுப்புதான் எரியவில்லை.

"இதுக்கு என்னதான்டே வழி? படிச்சவன்லா, சொல்லேன்" என்றார் முத்துக்குமாரிடம்.

அவன் யோசனையில் இருந்தான். வாயில் ஆபீஸ் பாஷை வந்துவிட்டது. "ரெண்டுல ஒருத்தரைக் கொன்னாத்தான் வழி. நாங்க அப்படித்தான் செய்வோம்."

சரியாக அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா, அதாவது ஹவில்தார், சாமான் இறக்க முன்கூட்டியே வந்து வாசலில் நிற்கிறார். அவர் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "கர்னல் ஆர்டரா?"

ஓடுகிற புரோகிராமை நிறுத்துவதைத்தான் ஆபீஸில் கொல்வது என்பார்களாம். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்ததுதான் ஆச்சரியம்.

முடிவு எப்படி வந்தது என்கிறீர்களா? சுப்பையா அண்ணாச்சி ஒரு கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டினார். விறகு ரூம் பூட்டை ஒரே நெம்பு. பூட்டு தெறித்து விழுந்தது. இரண்டு கல்யாணக் கூட்டமும் கைதட்டியது. அடுப்பு எரிந்தது. ராச்சாப்பாடு தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் மேடையில் சுப்பையா அண்ணாச்சிக்குப் பொன்னாடை. தக்க சமயத்தில் கல்யாணத்தைக் காப்பாற்றியதற்காக. மைக்கில் அறிவித்தது யார்? அடியேன்தான். என் மைக், என் ஆம்ப்ளிஃபயர், என் வாய். "நம் மண்டபத்தின் மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களின் சமயோசிதத்தைப் பாராட்டி..." முதலில் எச்சரித்தவனுக்கு ஒரு துண்டுகூட இல்லை. துண்டு கேட்கவும் இல்லை. உடைக்கிறவனுக்குக் கைதட்டல் கேட்கும். உடைக்க வேண்டாமே என்கிறவனுக்கு என்ன சத்தம் கேட்கும்?

பந்தி முடிந்த கையோடு கமிட்டி கூடியது. இனி இப்படி நடக்கக் கூடாது. என்ன செய்யலாம்? முத்துக்குமார் போய்ச் சொன்னான்: "அண்ணாச்சி, சுவத்துல இன்னொரு வரி எழுதிப் போட்டா போதும். யாரா இருந்தாலும் முதல்ல பாத்திரச் சாவி, அதுக்கப்புறம்தான் விறகுச் சாவி. பாத்திரச் சாவி கையில இல்லாதவன் விறகுச் சாவியைத் தொடக் கூடாது. அப்புறம் எந்தக் காலத்திலயும் மாட்டாது."

"அவ்வளவுதானா?" என்றார் சுப்பையா அண்ணாச்சி.

"அவ்வளவுதான்."

"இதுக்கு எதுக்குடே கமிட்டி?"

நியாயமான கேள்வி. ஒரு வரியில் தீருகிற விஷயத்துக்குக் கமிட்டி எதற்கு? எனவே கமிட்டி தன் கௌரவத்துக்கு ஏற்ற முடிவாக எடுத்தது. இரண்டு சாவிகளையும் வைக்க ஒரு இரும்புப் பெட்டி. பெட்டிக்கு ஒரு புதுப் பூட்டு. அந்தச் சாவி செயலாளரிடம். பெட்டி இருக்கிற ஆபீஸ் ரூமுக்கும் ஒரு பூட்டு. அந்தச் சாவி பொருளாளரிடம். போன எலெக்ஷனிலிருந்து செயலாளரும் பொருளாளரும் பேசிக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

அன்று சாயந்திரம் பந்தல் விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முத்துக்குமார் ஒயரைச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னான்.

"நான் கழட்ட மாட்டேன் மாமா."

"எதை?"

"மாமாவை."

"ஏம்ப்பா, வேலை..."

"ஒரு வருசம் கழிச்சு இதே மாதிரி கடப்பாரையைத் தூக்கிக்கிட்டு நிக்க என்னால முடியாது. போனா போகட்டும்."

எனக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. அக்காவிடம் சொல்லவும் தைரியம் இல்லை. கல்யாணச் செலவு முடித்த வீட்டில், சம்பாதிக்கிற ஒரே பிள்ளைக்கு வேலை போனால்? அவனை இப்படிக் கத்துகிறவனாக வளர்த்தது நான்தான் என்று என் காதில் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

அப்புறம்தான் செவ்வாய்க்கிழமை அந்த டிரங்கால். மாமாவை அணைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் உரக்கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். போன் வரவில்லை. "யூரியா வாங்குதீரா, இல்ல சும்மா நிழலுக்கா?" என்றார் முதலாளி. சனிக்கிழமை காலையில் மணி அடித்தது.

"மாமா, நேத்து தொங்கிருச்சு."

டெமோ நன்றாகத்தான் ஆரம்பித்ததாம். வாங்க வந்த ஆபீஸ்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேனேஜர் டை கட்டிக்கொண்டு நாலு மூளையின் பெருமைகளை நாலு விரலை விரித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை நின்றுவிட்டது. அசையவில்லை.

"வோல்டேஜ்" என்றார் மேனேஜர்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சகோதர பாசம் வந்துவிட்டது. என் தொழிலிலும் அதேதான். மைக் கரகரத்தால் வோல்டேஜ். பேசுகிறவர் உளறினாலும் வோல்டேஜ். மின்சார வாரியத்தார் திருப்பிப் பேச மாட்டார்கள் என்பதில் எவ்வளவு பெரிய நிம்மதி இருக்கிறது, பாருங்கள்.

மேனேஜர் தன் கையாலேயே மிஷினை அணைத்துப் போட்டார். மறுபடி ஓடியது. கைதட்டினார்களாம். அங்கேயும் கடப்பாரைக்குக் கைதட்டல். பொன்னாடைதான் பாக்கி. ஆனால், சுப்பையா அண்ணாச்சிக்கு இருந்த அதிர்ஷ்டம் அவருக்கு இல்லை. காபி வந்து சேர்வதற்குள் மறுபடி தொங்கிவிட்டது.

வந்திருந்தவர்களில் வயதான அதிகாரி ஒருவர் கேட்டாராம்: "இது நிக்குது, சரி. ஏன் நிக்குதுன்னு சொல்ல உங்ககிட்ட ஒண்ணுமே கிடையாதா?"

மேனேஜர் மெதுவாகத் திரும்பி முத்துக்குமாரைப் பார்த்தார். "மாமாவைப் போடு."

போட்டான். மிஷின் மெதுவாக ஓடியது. தொங்கக்கூட இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மாமா கத்தினார். தாளில் ஒரு வரி. எந்த இரண்டு பூட்டு, யார் எந்த வரிசையில் எடுத்தார், யார் தலைகீழாக எடுத்தார் என்று விலாவாரியாக. கல்யாணத்துக்கு லீவு போடுவதற்கு முன்னாலும் மாமா அதே வரியைத்தான் கத்தியிருக்கிறார். மேனேஜர் 'நடந்துச்சா, பின்ன' என்று கேட்டது அந்த வரியைப் பற்றித்தான். வரிசையை மாற்றி எழுதினார்கள். சாயந்திரம்வரை மிஷின் நிற்கவில்லை.

"அந்தப் பெரியவருக்கு மிஷினைவிட மாமாவைத்தான் ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்றான்.

"வேலை என்னாச்சுப்பா? அதைச் சொல்லு முதல்ல."

"நிரந்தரம் பண்ணிட்டாரு மாமா. கையெழுத்துப் போட்டுட்டாரு."

உரக்கடையில் யூரியா மூட்டைமேல் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"மேனேஜர் என்ன சொன்னாரு? வருத்தப்பட்டாரா?"

"வருத்தமா? இப்படி ஒண்ணு வேணும்னு ஆரம்பத்துல இருந்தே நாந்தான் சொல்லிட்டு வாரேன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டாரு. ஒரு சின்ன விஷயம் மாமா... கோச்சுக்கிடாதீங்க. பேரை மாத்திட்டாங்க. மாமான்னா வாங்குதவங்க முன்னால மரியாதையா இருக்காதாம்."

"என்ன பேரு வச்சிருக்காங்க?"

"மேனேஜர் பேரு."

லைன் கட்.

நேற்று அதே மண்டபத்தில் மைக் கட்டப் போயிருந்தேன். இரும்புப் பெட்டி பளபளவென்று இருந்தது. மனசு கேட்கவில்லை. சுப்பையா அண்ணாச்சி பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணாச்சி, பெட்டிச் சாவியை வச்சுக்கிட்டு நீங்க ரூம் சாவிக்கு நிக்கியளே... ரூம் சாவியை வச்சுக்கிட்டு அவரு பெட்டிச் சாவிக்கு நின்னாருன்னா..."

"நடந்துச்சா வே?"

"இன்னும் இல்ல."

"பின்ன என்னத்துக்குக் கத்துதீரு? மைக் ஆன்ல இருக்கு. ஊரே கேக்கு. அணையும்."

அணைத்தேன். சங்கரன்கோவிலில் அணைந்து, பெங்களூரில் வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறேன்.